வலம்புரியாகச் சுழலும் காந்தம்

கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்கிர்மியான் என்னும் காந்தச் சுழலின் படத்தைக் காட்டியதும் பின்வரிசைப் பையன் எழுந்தான். "சார், சங்குல வலம்புரி மாதிரி இதுலயும் மாத்திச் சுத்துறது உண்டா?" சங்கு குளிக்கிற ஊர்ப் பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்!

காந்தப் படலத்தில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்த ஊசி. ஊசிகளெல்லாம் மேல்நோக்கி நிற்க, ஓரிடத்தில் மட்டும் நடு ஊசி தலைகீழாகி, சுற்றியுள்ளவை படிப்படியாகச் சாய்ந்து நிமிர்ந்தால் அதுதான் ஸ்கிர்மியான். பிரிட்டிஷ் இயற்பியலாளர் டோனி ஸ்கிர்ம் 1960களின் தொடக்கத்தில் அணுக்கருத் துகள்களுக்காகப் போட்ட கணக்கு இது. காந்தத்தில் கண்டது 2009இல், மாங்கனீசு சிலிசைடு படிகத்தில்.

எனக்குப் பிடித்தது அது அதிரும் அழகு. படலத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை ஆட்டினால் சுழல் விரிந்து சுருங்கும். மண்டபம் பக்கம் தெளிந்த தண்ணீரில் சொறி (ஜெல்லி மீன்) குடையை விரித்துச் சுருக்கிப் போகுமே, அந்த மாதிரி. ஆனால் நொடிக்கு நூறு கோடி தடவை போல. புலத்தைப் படலத்தின் தளத்திலேயே ஆட்டினாலோ சுழலின் மையம் வட்டமடிக்கும்: இடஞ்சுழியாக ஓர் அதிர்வெண்ணில், வலஞ்சுழியாக வேறொன்றில். ஜப்பானிய இயற்பியலாளர் மொச்சிசுகி இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 2012இல் தாமிரமும் செலினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகத்தில் சோதனையிலும் பார்த்தார்கள். சரியான அதிர்வெண் வந்ததும் படிகம் மைக்ரோவேவை விழுங்கும். கடந்து வரும் சிக்னலில் ஒரு பள்ளம் விழும்.

எலக்ட்ரானின் ஸ்பின் என்னும் காந்தத் தன்மையை வைத்துக் கருவி செய்யும் ஸ்பின்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு வேண்டிய மெல்லிய படலத்தில்தான் தொல்லை. பிளாட்டினத்தின் மேல் சில அணுத் தடிமனில் கோபால்ட் பூசுகிறார்கள். அறை வெப்பத்திலேயே ஸ்கிர்மியான் நிற்கிறது. ஆனால் அந்தப் பிளாட்டினம் அதிர்வை உறிஞ்சிவிடுகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆட்டம் சீக்கிரம் அடங்க, பள்ளம் அகன்று மங்கிப்போகும். வேறு உலோகம் போடலாமே என்றால், சுழலைத் தருவதே பிளாட்டினம்தான். கோபால்ட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் அது இருப்பதால், பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒரே திசையில்தான் திரும்பிச் சாயும். ஜியலோஷின்ஸ்கி–மோரியா விளைவு என்பது இதுதான்.

வலம்புரிக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அது பிறப்பிலேயே மாறிச் சுருண்ட நத்தையின் ஓடு, அவ்வளவுதான். செல்வம் கொண்டுவருமென்றால் விற்கிறவர் ஏன் விற்கிறார்? அந்தப் பணத்தில் பாதி நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு வந்தால் எவ்வளவு படலம் பூசலாம்!

சரி, பையனுக்குச் சொன்ன பதில். ஒரு படலத்தில் எல்லாமே ஒரே புரிதான் தம்பி. எதிர்ப்புரிக்கு ஆற்றல் கூடுதலாகத் தேவைப்படும், நிற்காது. வலம்புரி வேண்டுமென்றால் பிளாட்டினத்தைக் கோபால்ட்டுக்குக் கீழே போடாமல் மேலே போடு. அத்தனையும் மாறிச் சுழலும்.

"அப்ப விலை இருக்காதே சார்" என்றான்.