பிட்டா என்னும் ஆறுமணிக்குருவி

ஐப்பசி வாக்கில் தோப்பிலோ கிணற்றடிப் புதரிலோ, விடியும் நேரத்தில் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். கொஞ்சநேரம் தொடர்ந்துவிட்டு நின்றுவிடும். மறுபடி பொழுது சாயும்போதுதான். பறவை நூல்களில் இந்தக் குருவியின் பெயர் 'பிட்டா'. ஆங்கிலச் சொல் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். ஆனால் அது தெலுங்கு. 'பிட்ட' என்றால் தெலுங்கில் சின்னப் பறவை, அவ்வளவுதான். 1816இல் வியெயோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதையே பேரினப் பெயராக்கினார். பக்கத்து வீட்டுச் சொல்தான் உலகம் சுற்றி நம்மிடம் வந்திருக்கிறது.

தமிழில் இதற்கு ஆறுமணிக்குருவி என்ற பெயர் இருக்கும்போது பிட்டா எதற்கு? பெயரிலேயே காலக்கணக்கு இருக்கிறது. அடிக்கும் மணி, நேரத்தைக் குறிக்கும் மணியாக மாறிய பிறகு உண்டான பெயர் இது. நாழிகை எண்ணிய காலத்தில் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நம் பக்கம் ஆண்டு முழுக்க விடியலும் அந்தியும் ஏறக்குறைய ஆறு மணிதான். இதே குருவி கூடுகட்டும் இமயமலை அடிவாரத்தில், ஜூன் மாதம் ஐந்தரைக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். அங்கே இந்தப் பெயர் பொருந்தாது. வலசை வரும் ஊரில் கேட்டவர்கள் வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பச்சை முதுகு, நீலத் திட்டுள்ள இறக்கை, மங்கிய மஞ்சள் மார்பு, குங்குமச் சிவப்பில் அடிவயிறு. இந்தியில் நவரங்க் என்கிறார்கள். நிறத்தைப் பார்த்து அவர்கள், குரலைக் கேட்டு நாம். இவ்வளவு நிறம் இருந்தும் சருகுக்குள் தத்தித்தத்திப் புழு தேடுவதால் கண்ணில் படுவது அரிது. தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்ற பெயர்களும் உண்டு. முதலாவது அதன் பதுங்கலுக்கு அப்படியே பொருந்துகிறது. என் காதுக்கு ஆறுமணிக்குருவிதான் இதம்.

எழுதும்போது சேர்த்தே எழுதுங்கள். 'ஆறு மணிக்குருவி' என்று பிரித்தால் ஆறு குருவிகள் என்றாகிவிடும். வருவதோ பெரும்பாலும் தனியாக ஒன்றே ஒன்று.