‘டக்’ சத்தமும் முதுகுவலியும்: கைரோபிராக்டிக் எதற்கு உதவும்?

யூடியூப்பில் முதுகுவலி என்று தேடினால் கொஞ்ச நேரத்திலேயே அந்த வகை வீடியோ வந்து நிற்கும். படுத்திருப்பவரின் கழுத்துப் பக்கம் ஒரு குட்டி மைக்கை ஒட்டிவைத்திருப்பார்கள். சிகிச்சை தருபவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்ல ஒரு பக்கம் திருப்பி, எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று ஒரு திருப்பு. ‘டடக்’. படுத்திருப்பவர் முதலில் திகைக்கிறார், அப்புறம் சிரிக்கிறார். விலகிப்போன எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று கீழே எழுத்து ஓடுகிறது.

சத்தம் நிஜம். அதற்குப் பிறகு வரும் நிம்மதியும் பல பேருக்கு நிஜம். எலும்பு உட்கார்ந்த கதைதான் நிஜமில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் வெடுக்கென்று தள்ளிச் செய்யும் இந்தக் கைரோபிராக்டிக் சிகிச்சை எந்த நோய்க்கு உதவும், எதற்கு உதவாது என்பது பிடிபடும்.

முதலில் சத்தம். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகள். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே முன்புறம் ஜவ்வு என்று நாம் சொல்லும் டிஸ்க் இருக்கிறது. பின்புறம் இடதும் வலதுமாக ஒரு ஜோடிக் குட்டி மூட்டுகள். குனிவதும் நிமிர்வதும் திரும்பிப் பார்ப்பதும் இந்த மூட்டுகளின் தயவில்தான். ஒவ்வொரு மூட்டையும் சுற்றி ஒரு பை, பைக்குள் வழவழப்பான திரவம் கொஞ்சம், அந்தத் திரவத்தில் கரைந்த வாயு. பெரும்பாலும் கரியமில வாயு. இந்தச் சிகிச்சையைத் தரும் கைரோபிராக்டர் மூட்டை அது வழக்கமாகப் போகும் எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். எதிரெதிரே இருக்கும் எலும்புப் பரப்புகள் பிரிகின்றன. உள்ளே இடம் கூடுகிறது, அழுத்தம் சரிகிறது. கோலி சோடாவைத் திறந்ததும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: கரைந்திருந்த வாயு குமிழாகிறது.

அந்தக் குமிழ் பிறக்கும்போது சத்தம் வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில் முக்கால் நூற்றாண்டாகச் சண்டை. 1947இல் லண்டனில் விரல்களை இழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், குமிழ் உண்டாவதுதான் சத்தம் என்றார்கள். 1971இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இல்லையில்லை, உடைவதுதான் என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெகரி கவ்சக் குழுவினர், நெட்டி முறிப்பதில் கைதேர்ந்த ஒருவரின் பத்து விரல் மூட்டுகளை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் படம்பிடித்தார்கள். எல்லாம் 310 மில்லிநொடிக்குள் முடிந்தது. சத்தம் வந்த பிறகும் மூட்டுக்குள் வெற்றிடம் அப்படியே தெரிந்தது. ஆக, பிறப்பதுதான் சத்தம். சரி, முடிந்தது என்று நினைத்தால், 2018இல் ஒரு கணித மாதிரி வந்து, குமிழ் பாதி உடைந்தாலே அந்தச் சத்தம் வரும், மீதிக் குமிழ் படத்தில் தெரியும் என்று வழக்கை மறுபடி திறந்துவிட்டது.

எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று உறுதி. சத்தம் வாயுவுடையது, எலும்போடு எலும்பு உரசியதல்ல. ஒருமுறை சத்தம் வந்த மூட்டில் மறுபடி வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆவதும் அதனால்தான். திருஷ்டி கழித்துவிட்டுப் பாட்டி நெட்டி முறிக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்காகவே கலிபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கை விரல்களுக்கு மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்றே தரும் இக் நோபல் பரிசை 2009இல் அவருக்குக் கொடுத்தார்கள்.

இனி எலும்பு உட்கார்ந்த கதை. முள்ளெலும்பு உண்மையிலேயே மூட்டிலிருந்து கழன்றால் அது விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டிய சமாச்சாரம், கையால் தட்டிச் சரிசெய்வதல்ல. ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்று வருவதைத்தான் பலர் விலகல் என்று புரிந்துகொள்கிறார்கள். முதுகில் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. பிதுக்கம் இருப்பதாலேயே வலி அதனால் வருகிறது என்று சொல்லிவிட முடியாது.

அது போக, ‘எல்-4இல் (இடுப்புப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பு) அடைப்பு, அதை மட்டும் எடுத்துவிட்டேன்’ என்கிற துல்லியம் கைக்கு வருவதும் சந்தேகம்தான். 2004இல் வெளியான ஒரு ஆய்வில், அனுபவமுள்ள கைரோபிராக்டர்களிடம் எந்த மூட்டைக் குறிவைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, முதுகின் தோலில் அதிர்வு உணரிகளை ஒட்டி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். இடுப்புப் பகுதியில் குறிவைத்த இடத்துக்கும் சத்தம் வந்த இடத்துக்கும் சராசரியாக 5 சென்டிமீட்டருக்கு மேல் தூரம். ஒரு முள்ளெலும்பைத் தாண்டி அடுத்ததற்கே போய்விடலாம். பல சமயம் ஒரே தள்ளலில் நாலைந்து மூட்டுகள் சேர்ந்து ஒலித்தன. ஆனாலும் நோயாளிகளுக்குச் சுகம் கிடைக்கிறது என்றால், அந்தச் சுகம் குறிப்பிட்ட ஓர் எலும்பை நகர்த்தியதால் வந்ததாக இருக்க முடியாது.

இந்த எலும்புக் கதை தொடங்கிய இடம் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரம். கனடாவில் பிறந்த டேனியல் டேவிட் பால்மர் அங்கே காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1895 செப்டம்பரில் தான் இருந்த கட்டடத்தின் பணியாளர் ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பைத் தள்ளியதாகவும், 17 ஆண்டுகளாகக் கேட்காத காது கேட்டுவிட்டதாகவும் பால்மர் எழுதினார். லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்னது வேறு: அப்பா ஏதோ நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்த பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் முதுகில் தட்டினார், அவ்வளவுதான். எது நடந்ததோ, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டையோட்டுக்கு உள்ளேயே போய்விடுகிறது. முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பால்மர் அங்கே நிற்கவில்லை. நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகி நரம்பை அமுக்குவதால் வருகிறது, மீதி மற்ற மூட்டுகள் விலகுவதால் வருகிறது என்றார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து 13 ஆண்டுகள் ஆன பிறகு பிறந்த வைத்தியம் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் பால்மர் சிறைக்குப் போனார். 1913இல் கான்சாஸ் தொடங்கி 1974இல் லூயிசியானா வரை அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைரோபிராக்டர்களுக்குச் சட்டப்படி இடம் கொடுத்தன. அந்தத் தொழிலுக்குள்ளேயே இன்று இரண்டு சாரார் இருக்கிறார்கள்: பால்மரின் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், முதுகு, கழுத்து வலியோடு நிறுத்திக்கொண்டு மருத்துவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். நீங்கள் யாரிடம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து கிடைப்பது மாறும்.

அப்படியானால் வலி எப்படிக் குறைகிறது? தள்ளல் கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் சில நூறு நியூட்டன் விசையோடு இறங்குகிறது. மூட்டுப் பையிலும் சுற்றியுள்ள தசைகளிலும் இழுவிசையை உணரும் நரம்பு முனைகள் ஏராளம். அவை அத்தனையும் ஒரே சமயத்தில் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. தொடு உணர்வும் இழுவிசை உணர்வும் கூட்டமாக வந்து சேரும்போது, வலிச் சேதி தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தப்படுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் ஒரு கோட்பாடு சொன்னார்கள். அதன் நுணுக்கங்கள் பிறகு மாறியிருந்தாலும் அடிப்படை நிற்கிறது. வலியால் இறுகிக் கிடந்த தசை சற்று நேரம் தளர்வதும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். இதோடு மனதின் பங்கும் இருக்கிறது. ஒருவர் நம் முதுகைத் தொட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் ‘டக்’கென்று ஒரு சத்தத்தையும் கொடுத்தால், சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கும். மூன்றாவதாகக் காலம். திடீரென்று பிடித்துக்கொள்ளும் முதுகு எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக விட்டுவிடும். தாங்க முடியாத நாளில்தான் வைத்தியரிடம் ஓடுகிறோம், அதற்கு அடுத்து வரும் நாள் எப்படியும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் ஒப்பீட்டு ஆய்வுகள். இடுப்புப் பக்கத்து முதுகுவலிக்கு ஓரளவு மிஞ்சுகிறது. புதிதாக வந்த முதுகுவலி பற்றி 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த அலசலில், 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாகப் பத்துப் புள்ளி போலக் கூடுதலாகக் குறைந்தது. மாத்திரை கொடுக்கும் பலன் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. நாட்பட்ட முதுகுவலிக்கு 47 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் பார்த்தபோது, உடற்பயிற்சி முதலான மற்ற நல்ல சிகிச்சைகளுக்குச் சமம், அதைவிட மேலில்லை என்று வந்தது. அமெரிக்கப் பொதுமருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இலும், உலக சுகாதார நிறுவனம் 2023இலும் தங்கள் பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்த்தன. பிரிட்டனின் வழிகாட்டுதலோ, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும், தனியாக அல்ல என்கிறது. எனக்கு இந்தக் கறார்தான் பிடித்திருக்கிறது.

கழுத்துவலியிலும் இதே கதை. 2012இல் வந்த 272 பேர் ஆய்வு ஒன்றில், கைச்சிகிச்சை மாத்திரையை ஜெயித்தது. ஆனால் வீட்டிலேயே செய்யும் எளிய கழுத்துப் பயிற்சியும் அதற்குச் சமமாக வந்து நின்றது. கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலிக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது. ஒற்றைத் தலைவலிக்கு நார்வேயில் 2017இல் செய்த ஆய்வில், உண்மைத் தள்ளலுக்கும் வெறும் பாவனைத் தள்ளலுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்புக்குமே தலைவலி நாட்கள் குறைந்தன.

இதைத் தாண்டினால் நிலம் வழுக்குகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கனடாவில் செய்து 1998இல் வெளியான ஆய்வு, பலன் இல்லை என்றது. ரத்த அழுத்தம், காதுச் சீழ், குழந்தை விடாமல் அழுவது, எதிர்ப்பு சக்தி என்று விளம்பரங்களில் வரும் எதற்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. பிரிட்டனில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008இல் இதைப் பத்திரிகையில் எழுதியதற்கு, அந்நாட்டுக் கைரோபிராக்டர் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் அவர்களே வாபஸ் வாங்கினார்கள். அந்த வழக்கு கிளப்பிய விவாதம் 2013இல் அங்கே அவதூறுச் சட்டம் மாறுவதற்கு ஒரு காரணமானது. கைக்குழந்தையின் முதுகைத் தள்ளும் வீடியோ ஒன்று ஆஸ்திரேலியாவில் கொந்தளிப்பை உண்டாக்கி, 2019இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்வதை அங்குள்ள வாரியமே தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

பக்கவிளைவு என்று பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரிரு நாள் உடம்பு வலி, அசதி இருக்கும். அது பெரிய விஷயமல்ல. கழுத்துதான் விஷயம். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. மண்டைக்குள் நுழைவதற்கு முன் முதல் முள்ளெலும்பின்மேல் ஒரு வளைவு எடுக்கின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது அதிகம் இழுபடுவது அந்த இடம்தான். தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இது அரிது. எவ்வளவு அரிது, காரணம் தள்ளல்தானா என்பது விவாதத்தில் இருக்கிறது. 2008இல் வெளியான ஒன்டாரியோ ஆய்வு, இந்த வகைப் பக்கவாதம் வந்தவர்கள் அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போனதைப் போலவே சாதாரண மருத்துவரிடமும் போயிருந்ததைக் காட்டியது. தமனி ஏற்கெனவே கிழிந்ததால் வந்த கழுத்துவலிக்குத்தான் போயிருக்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். அப்படியே இருந்தாலும், கிழிந்த தமனி உள்ள கழுத்தைத் திருப்புவது நல்ல யோசனையா? நம் ஊர் சலூன்களில் முடிவெட்டி முடித்ததும் இலவச இணைப்பாகக் கழுத்துக்கு ஒரு நெட்டி எடுப்பார்களே, அங்கே யாரும் முன்கூட்டி எதையும் கேட்பதில்லை. ‘வேண்டாம்ண்ணே’ என்று சொல்லிவிடுவதே மேல்.

சிலர் எந்தக் கைச்சிகிச்சைக்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது, முதுகுவலியோடு காய்ச்சல் அல்லது காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, எலும்பு மெலிவு நோய், கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி. முதலில் சொன்ன இரண்டில் எது வந்தாலும் அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் இல்லாத வெறும் முதுகுப்பிடிப்பு என்றால், தகுதியுள்ள ஒருவரிடம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பிசியோதெரபிஸ்டுகளிலும் இதே தள்ளலைப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்தி, ஆண்டு முழுக்க வரச்சொல்லி பேக்கேஜ் போட்டால் உஷாராகுங்கள். எத்தனை முறை போனால் போதும் என்று அமெரிக்காவில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 400 பேரை வைத்து 2014இல் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு 6 முறை, ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 18. ஒரு பிரிவுக்கு வெறும் மசாஜ். சிறப்பாக வந்தது 12 முறை போன பிரிவு. அதற்கு மேல் போனதில் கூடுதல் லாபம் இல்லை.