டிரபிள்ஷூட்டிங் என்றால் சரிசெய்தல் அல்ல

எங்கே பார்த்தாலும் டிரபிள்ஷூட்டிங்குக்குச் "சரிசெய்தல்" என்றே போடுகிறார்கள். போனின் உதவிப் பக்கத்தில் அது, பிரிண்டர் கையேட்டில் அது, நேற்று "கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வன்பொருள் சரிசெய்தல்" என்று ஒரு குறிப்பில் (கெர்னல் என்பது கணினி இயங்குதளத்தின் மையப் பகுதி) படித்தபோது பொறுக்கவில்லை.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் கோளாறு எங்கே என்று தேடிப்போன ஆட்களை டிரபிள்ஷூட்டர் என்றார்கள். தேடுவதுதான் சொல்லின் உயிர்.

சரிசெய்தல் அதன் முடிவு, அதுவும் கிடைத்தால்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டது, கடையில் கொடுத்தான், அவர்கள் நேராகச் "சரிசெய்ய" இறங்கி வைஃபை கார்டையே மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள், வைஃபை வரவில்லை. பழைய கார்டையே திரும்பப் போட்டு, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தோம். வைஃபை வந்தது. அப்படியென்றால் கார்டில் குறையே இல்லை. புதிய கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு (டிரைவரை உருவாக்கத் தேவையான கோப்புகள்) இல்லாததால், அந்த பிராட்காம் கார்டை இயக்கும் டிரைவரை டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்ப உருவாக்கும் கருவி) அதற்கென்று உருவாக்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், தொகுப்பை நிறுவ இரண்டு நிமிடம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் டிரபிள்ஷூட்டிங் என்று பெயர், "சரிசெய்தல்" பெயர் வைப்பதோ அந்த இரண்டு நிமிடத்துக்கு.

பழுதுபார்த்தல் போதாதா என்று கேட்பார்கள். "பார்த்தல்" இருந்தாலும் இன்று அதற்கு ரிப்பேர் என்றுதான் பொருள், அதுவும் இந்த இடத்துக்கு உதவாது. மருத்துவத்தில் நோயறிதல் என்கிறோம், அதைக் குணப்படுத்தல் என்று யாராவது எழுதுவார்களா? அதே வழியில் பழுதறிதல் என்பதே சரி. சிறியது, கேட்டதும் புரியும், நோயறிதலோடு ஒட்டியும் நிற்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் தலைப்பை மட்டும் பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். கீழே பக்கம் முழுக்க விளக்கு எரிகிறதா, நேற்று வேலை செய்ததா, வேறு கேபிளில் வருகிறதா என்று கேள்விகளாக இருக்கும். அதைப் படித்த பிறகும் சரிசெய்தல் என்று எழுதக் கை எப்படி வருகிறது? காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கிறவர்கள் ஸ்பேனரை எடுக்கும் முன் "எங்க மக்கர் பண்ணுதுன்னு பாரு" என்பார்கள். பொருள் அவர்களிடம் சரியாகவே இருக்கிறது, எழுத்தில் அதற்குப் பழுதறிதல் என்று போட்டால் போதும்.