லைசின் என்கிற ஓர் எழுத்து

1940களில் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் விசித்திரமான சாப்பாடு ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோள மாவுச்சத்து, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, எண்ணெய், வைட்டமின்கள். புரதம் என்று எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக, புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களைச் சுத்திகரித்துச் சேர்த்த கலவை மட்டும். வேதியியலாளர் வில்லியம் ரோஸ் அந்தக் கலவையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். சிலவற்றை எடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. வேறு சிலவற்றில் ஒன்றை நிறுத்தியதுமே, உடம்புக்குள் போகும் நைட்ரஜனைவிட வெளியே வரும் நைட்ரஜன் கூடிவிட்டது. புரதத்தில் இருப்பது நைட்ரஜன் என்பதால், உடம்பு தன் சொந்தப் புரதத்தையே கரைக்கிறது என்று அர்த்தம். மாணவர்களுக்குப் பசி போனது, அசதி தட்டியது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தது. விட்டதைத் திரும்பச் சேர்த்ததும் சரியாகிவிட்டார்கள்.

“சைவமா? அப்போ புரதத்துக்கு என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. உடம்புக்கு வேண்டியது 20 அமினோ அமிலங்கள். அவற்றில் 11-ஐ அதுவே தயாரித்துக்கொள்ளும். மிச்சம் 9 சாப்பாட்டில்தான் வரவேண்டும் (ரோஸ் கணக்கில் 8, ஹிஸ்டிடின் பின்னால் சேர்ந்துகொண்டது). குடல் எந்தப் புரதத்தையும் பிரித்துப்போட்டுத்தான் உள்ளே அனுப்புகிறது. வந்த அமினோ அமிலம் பாலிலிருந்து வந்ததா, பயறிலிருந்து வந்ததா என்று ரத்தத்துக்குத் தெரியாது.

தாவரப் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் இல்லவே இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. நாம் சாப்பிடும் தானியம், பருப்பு எல்லாவற்றிலும் அந்த ஒன்பதும் இருக்கின்றன, விகிதம்தான் வேறு. உண்மையிலேயே ஒன்று காணாமல் போன புரதம் வேண்டுமென்றால் ஜெலட்டினைப் பாருங்கள். அதில் டிரிப்டோஃபேன் கிடையாது. அதுவோ விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது!

பழைய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மற்ற எழுத்தெல்லாம் குவிந்து கிடக்கிறது, ‘க’ மட்டும் பத்துதான் இருக்கிறது. பக்கம் எங்கே நிற்கும்? ‘க’ தீர்ந்த இடத்தில். உடம்பு புரதம் கோப்பதும் இப்படித்தான். தானியங்களில் அந்த ‘க’, லைசின் என்ற அமினோ அமிலம். பருப்பு வகைகளில் லைசின் தாராளம். அங்கே தட்டுப்பாடு மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்துக்கு, அது தானியத்தில் போதுமான அளவு உண்டு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும், அதில் 1.8 கிராம் லைசின் இருக்க வேண்டும். வெறும் முழுக்கோதுமை மாவு 400 கிராம் எடுத்தால் 50 கிராம் புரதம் தாண்டிவிடும். ஆனால் லைசின் ஏறக்குறைய 1.4 கிராம்தான். மொத்தம் நிறைகிறது, ‘க’ போதவில்லை. இப்போது மாவை 300 கிராமாகக் குறைத்து, 60 கிராம் பருப்பைச் சேருங்கள். புரதம் கிட்டத்தட்ட அதே அளவு, லைசின் மட்டும் 2 கிராமுக்கு ஏறிவிடுகிறது. ஒரு பிடி பருப்பு செய்கிற வேலை இது.

சரி, இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டுமா? 1970களில் அப்படித்தான் பரவலாகச் சொன்னார்கள். அவசியமில்லை. நம் உடம்பு தினமும் 250 முதல் 300 கிராம் வரை தன் புரதத்தைக் கலைத்து மறுபடி கட்டுகிறது. நாம் சாப்பிடுவதோ அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். கலைந்த எழுத்துகள் பெட்டிக்கே திரும்புகின்றன. காலையில் தானியம், ராத்திரி பயறு என்றாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

மாவுச்சத்தைப் பற்றித்தான் இன்று அநியாயமாகப் பயப்படுகிறோம். மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைப்பது ஏறக்குறைய 100 கிராம். அது தீர்ந்தபின் சாப்பாட்டிலும் மாவுச்சத்து வரவில்லையென்றால், கல்லீரல் அமினோ அமிலத்தை எடுத்து, அதிலிருக்கும் நைட்ரஜனை யூரியாவாகக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் குளுக்கோஸாக மாற்றும். நாள் போகப்போக மூளை கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களுக்கும் பழகிக்கொள்ளும்தான். ஆனால் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டு, தானியத்தைத் தொடாமல் பருப்பை மட்டும் சாப்பிடுகிறவர், தசைக்கு என்று நினைத்துச் சாப்பிட்டதில் ஒரு பங்கை அடுப்பில் போடுகிறார். போதுமான கலோரி இருந்தால்தான் புரதம் புரதத்தின் வேலையைச் செய்யும்.

அதோடு, சைவத்தில் புரதத்தையும் மாவுச்சத்தையும் பிரிப்பதும் கஷ்டம். இறைச்சியில் மாவுச்சத்து இல்லை. பருப்பிலோ பாதிக்கு மேல் அதுதான். பயறின் மாவுச்சத்து செல் சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், ரத்தச் சர்க்கரை சட்டென்று எகிறாது. ஆக, தானியமும் பயறும் வயிறாரச் சாப்பிடும் ஆரோக்கியமான ஆளுக்குப் புரதக் குறை வருவது அபூர்வம். கவனிக்க வேண்டியவர்கள், கொஞ்சமாகச் சாப்பிடும் முதியவர்கள், எடை குறைக்கக் கிளம்பியவர்கள், அப்புறம் சர்க்கரையிலும் கிழங்கிலுமே வயிற்றை நிரப்பிக்கொள்பவர்கள். மரவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம்தான் புரதம்.

வேகவைப்பதும் முக்கியம். வேகாத பயறிலும் சோயாவிலும் டிரிப்சின் என்ற செரிமான நொதியை முடக்கும் பொருட்கள் உண்டு. நன்றாக வெந்தால் அவை பெரும்பாலும் செயலிழந்துவிடும். இன்னொன்று, பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று அட்டவணைகளில் பார்ப்பது வேகாத பருப்பின் கணக்கு. தண்ணீர் குடித்து உப்பி வெந்தபின், தட்டில் விழும் அதே 100 கிராமில் இருப்பது ஏறக்குறைய 9 கிராம்.