ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்

“ரோட்டைப் பார்த்துட்டுத்தான் மாஸ்டர் இருந்தேன். பஸ் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல.”

குன்னூரில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே வார்த்தையை வேறு வேறு வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரம் சொன்னது என்னிடமே ஓட்டப் பழகிய பெண். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கி வந்த பஸ்ஸை உரசி, கார் தடுப்புச் சுவரில் போய் மோதி நின்றிருக்கிறது. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுதவே முடிகிறது.

ப்ளூடூத்தில் அண்ணனோடு நிலப் பங்கு விஷயம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டால், “கையில போன் இல்லையே மாஸ்டர்” என்கிறார்.

இந்த ஒரு பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் பிடித்துப் பேசினால் சட்டம் தண்டிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. அதனால் கை காலியாக இருந்தால் போதும் என்று நாமாக முடிவுகட்டிவிட்டோம். ஓட்டும்போது போன் பேசினால் விபத்து நடக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார அமைப்பு. கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பில்லை என்று அதே அமைப்புதான் சொல்கிறது.

கண் திறந்திருந்தால் மட்டும் பார்த்ததாக ஆகிவிடாது. “கிணத்துப் பக்கம் எத்தனை சென்ட் வரும்?” என்று அண்ணன் கேட்டதுமே மனசு கிணற்றடிக்குப் போய்விடுகிறது. எதிரில் பஸ் வந்தாலும் கண்ணில் பட்டு மனசில் பதியாமல் போகிறது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அப்போ பக்கத்து சீட்டுல இருக்கறவங்களோட பேசலாமா?” என்று வகுப்பில் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வளைவு தெரியும். லாரி வந்தால் பேச்சை நிறுத்துவார், “பார்த்து, பார்த்து” என்று கத்தவும் செய்வார். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு நீங்கள் எந்த வளைவில் இருக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?

மலையில் இன்னொன்றும் உண்டு. வளைவுக்கு அந்தப்பக்கம் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் பிடிக்கும். பஸ் டிரைவர் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்துவிடுவார். மூடுபனி இறங்கிவிட்டால் பாதி ஓட்டுவது காதால்தான். அதனால்தான் முதல் நாளே ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கச் சொல்கிறேன், பாட்டை அணைக்கச் சொல்கிறேன். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள், பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, சரி. பாதி திரும்பிவிட்ட பஸ்ஸிடம் அந்த விதியைப் பேச முடியாது.

இறங்கும்போது செகண்ட் கியர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தும் செய்யாததைச் சொல்கிறேன். போனை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். மேப் வேண்டுமென்றால் மலை ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். இந்த ரோட்டில் 25 மீட்டர் நேராக இருக்கும் இடத்தைத் தேடத்தான் வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், கவரைப் பின்சீட்டில் இருக்கும் பெரியவர் கையில் முன்பே கொடுத்துவையுங்கள். காட்டெருமையைப் பார்க்க ஆசையா? அகலமான இடம் வரட்டும், ஓரம் கட்டுங்கள். வளைவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அண்ணன் என்னிடம், “அவ ஓட்டிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாது மாஸ்டர்” என்றார். இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மலை ஏறுகிறவருக்கு, “எங்க வந்துட்டிருக்கே?” என்று போன் போடாதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டால், “ஓட்டிட்டு இருக்கியா?” என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். ஓட்டுகிறவரும் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும்போதே, “இனி குன்னூர் போய்த்தான் பேசுவேன்” என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.