எதிர்வீட்டில் பறக்கிற இன்டர்நெட் நம் வீட்டில் ஏன் தவழ்கிறது?

எங்கள் அடுக்ககம் வேளச்சேரியில் இருக்கிறது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. சில மாதங்களாக எங்கள் வீட்டு இன்டர்நெட் நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது. எதிர்வீட்டிலும் அதே நிறுவனம், அதே 200 எம்பிபிஎஸ் திட்டம்தான். அங்கே ஒரு குறையும் இல்லை. நான்கு தடவை புகார் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவது தடவை வந்த தம்பி ரூட்டர் பக்கமே போகவில்லை. மாடிப்படிச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் என்கிற கண்ணாடி இழையைக் கழற்றி, உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றில் செருகினார்.

"சார், மைனஸ் இருபத்தெட்டு காட்டுது. எதிர்வீட்டுக்கு மைனஸ் பத்தொம்பது. உங்க லைன்ல லைட்டே இல்ல சார்."

அவர் சொன்னது ஒளியின் அளவை. அதன் அலகு டிபிஎம். பூஜ்யம் டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். அதிலிருந்து பத்துப் பத்தாக இறங்க இறங்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வரும். மைனஸ் 10 என்றால் மில்லிவாட்டில் பத்தில் ஒன்று, மைனஸ் 20 என்றால் நூறில் ஒன்று. எதிர்வீட்டுக்கு வந்த மைனஸ் 19 ஏறக்குறைய 13 மைக்ரோவாட். எங்களுக்கு வந்தது ஒன்றரை மைக்ரோவாட், அதாவது எட்டில் ஒரு பங்கு. வீட்டில் இருக்கும் கருவி மைனஸ் 27, 28 வரைதான் ஒளியைச் சரியாகப் படிக்கும். நாங்கள் அந்த விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சென்னையில் புது வீட்டுக்குக் குடிபோகிற எல்லோரும் ஒருமுறையாவது கேட்கிற கேள்வி: ஏர்டெல் நல்லதா, ஜியோ நல்லதா, ஆக்ட் நல்லதா, பிஎஸ்என்எல் நல்லதா? நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவரவர் வீட்டு அனுபவம் என்பதால் எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். ஒரே நிறுவனம் கொளத்தூரில் ஒரு மாதிரியும் வேளச்சேரியில் வேறு மாதிரியும் இருப்பதற்குக் காரணம் உண்டு. நிறுவனத்தின் பெயரைவிட, நம் தெருவுக்கு வந்து சேரும் அந்தக் கண்ணாடி இழையின் கதைதான் முக்கியம். அதைப் பின்தொடர்ந்து போனால் எதை ஒப்பிட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அந்த இழையில் ஒளி ஓடும் மையப் பகுதியின் குறுக்களவு 9 மைக்ரான்தான். நம் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். அந்த மையத்தைச் சுற்றி இன்னொரு கண்ணாடி உறை, இரண்டும் சேர்ந்து 125 மைக்ரான். மையத்தின் ஒளிவிலகல் எண் உறையைவிடச் சற்றே அதிகம். அதனால் ஒளி உள்ளேயே அடைபட்டுப் பல கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இழையை நறுக்கென்று மடக்கினால் அந்தக் கட்டு தளர்ந்து, வளைவில் ஒளி வெளியே கசியும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவர் மூலையில் இழையை 'ட' எழுத்து மாதிரி மடக்கி, அதன்மேல் கிளிப் வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

அந்தத் தம்பி மடங்கிய பகுதியை வெட்டி எறிந்தார். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் இழையைத் துடைத்தார். ஒரு சின்னக் கருவியில் வைத்து அழுத்தியதும் நுனி கண்ணாடிபோல் நேராக வெட்டுப்பட்டது. இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிராக வைத்தார். அதன் திரையில் இரண்டு தடித்த தூண்கள் ஒன்றையொன்று தேடி மெல்ல நகர்ந்தன. நேர்க்கோட்டில் வந்ததும் ஒரு நொடி மின்பொறி. கண்ணாடி உருகி ஒட்டிக்கொண்டது. மீட்டரில் மைனஸ் 19.4. அதன் பிறகு எங்கள் இணைப்பு அறுந்ததில்லை. இவ்வளவு நுணுக்கமான வேலையை மாடிப்படியில் குந்தியபடி செய்யும் இவர்களுடைய கைத்திறனைத்தான் நாம் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி மாடிப்படிப் பெட்டியைத் தாண்டிப் போவோம். நம் இழை தனியாக நிறுவனத்தின் அலுவலகம் வரை போவதில்லை. வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற கண்ணாடிப் பிரிப்பான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வரும் ஒரே ஒளியை அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. 32 பங்கு என்றால் டிபிஎம் எண் கணக்குப்படியே 15 இறங்கிவிடும், நடைமுறையில் 17. அனுப்பும்போது மில்லிவாட் கணக்கில் இருக்கும் ஒளி வீட்டுக்கு வரும்போது மைக்ரோவாட் கணக்கில் மெலிவது இதனால்தான். இந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம் என்பது இந்த அமைப்பின் பெரிய அழகு.

இப்படி ஓர் இழையைப் பங்கு போடுவதில் நம் ஊரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் கீழ்நோக்கி வரும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். மேல்நோக்கிப் போவது அதில் பாதி. 32 வீட்டாரின் தரவும் எல்லா வீட்டுக்கும் வரும். பூட்டி வருவதால் அவரவர் பங்கை மட்டும் அவரவர் கருவி திறந்துகொள்ளும். திரும்பிப் போகும்போதுதான் சிக்கல். எல்லோரும் ஒரே இழையில் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. அதனால் அலுவலகக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்குகிறது. ஒரு கிலோமீட்டர் இழையைக் கடக்க ஒளிக்கு 5 மைக்ரோநொடி ஆகும். எந்த வீடு எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்து, ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சின்மேல் ஏறாதபடி அது முறை வைக்கிறது. இது ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

32 வீட்டுக்கும் 300 எம்பிபிஎஸ் விற்றால் மொத்தம் 9,600. வருவதோ 2,500. ஏமாற்று என்று தோன்றும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்துவிட்டுப் பந்தியில் இருநூறு இலை போடுகிற கணக்குதான் இது. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை. 4கே படம் பார்க்க 20 எம்பிபிஎஸ் போதும். 32 வீடும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 640தான். ஆகவே நெரிசல் பெரும்பாலும் நம் தெருவின் ஸ்ப்ளிட்டரில் இருக்காது. அதற்கு மேலே, பகுதி அலுவலகத்திலிருந்து நகரின் மையத்துக்குப் போகும் இணைப்பை நிறுவனம் எவ்வளவு பெரிதாக வாங்கி வைத்திருக்கிறது என்பதில்தான் இருக்கும். காலை பதினொரு மணிக்கு 200 காட்டுவது இரவு ஒன்பதரைக்கு 40 காட்டினால் பந்தி அங்கே நிறைந்துவிட்டது என்று பொருள்.

அந்த மேல்வழி எங்கே போகிறது என்பது இன்னும் சுவாரசியம். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். எந்த நிறுவனம் எவ்வளவு செலவழித்தாலும் அந்த வழியில் 32 மில்லிநொடிக்குக் கீழே போய்வர முடியாது.

வீணாகும் மில்லிநொடிகளோ நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் ஒரு நிறுவனம், பக்கத்து வீட்டு அக்கா வேறு நிறுவனம். இருவரும் வீடியோவில் பேசுகிறீர்கள். இரண்டு நிறுவனங்களும் சென்னையிலேயே கைகோத்திருந்தால் தரவு சில மில்லிநொடியில் போய்விடும். கோக்காவிட்டால் வேளச்சேரியிலிருந்து மும்பைக்குப் போய், அங்கே கை மாறி, மறுபடி வேளச்சேரிக்கு வரும். போய்வர 20, 30 மில்லிநொடி கூடும். இப்படி நிறுவனங்கள் கைகோத்துக்கொள்வதற்காகவே பரிமாற்றகங்கள் இருக்கின்றன. 2003-இல் தொடங்கிய நிக்சி என்ற இந்தியப் பரிமாற்றகத்துக்குச் சென்னையில் மையம் உண்டு. ஜெர்மனியில் பிறந்த டீ-சிக்ஸும் இங்கே ஒன்றை நடத்துகிறது.

யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் எல்லா நிறுவனத்திலும் நன்றாக ஓடும். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் சேமிப்புக் கணினிகளை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. படம் வருவது ஊருக்குள்ளிருந்துதான். ஸ்பீடு டெஸ்ட் எண்ணும் அப்படியே. அது தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரம் நம் நிறுவனத்துக்குச் சொந்தமானதே, அதனால் வீட்டுக்கும் நிறுவன வாசலுக்கும் இடையிலான வேகத்தைத்தான் அது சொல்கிறது. நிறுவனங்களுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம் அலுவலக விபிஎன், ஆன்லைன் விளையாட்டு, வீடியோ சந்திப்பு ஆகியவற்றில்தான் தெரியும். நண்பர் வீட்டில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் உங்கள் அலுவலக முகவரிக்கு, தரவு போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். வழியில் வரும் பெயர்களில் மும்பையின் சுருக்கம் தலைகாட்டினால் சுற்றுவழி பிடிபட்டுவிடும்.

பலரும் கவனிக்காத இன்னொரு நோய் உண்டு. மகள் கல்லூரிப் பாடத்தை மேகச் சேமிப்பில் ஏற்றுகிறாள், அந்த நேரத்தில் உங்கள் வீடியோ சந்திப்பு உறைகிறது. வேகம் போதாமல் இப்படி ஆவதில்லை. ரூட்டர் வெளியே அனுப்ப முடியாத தரவைத் தூக்கி எறியாமல் வரிசையில் சேர்த்துக்கொண்டே போகிறது. உங்கள் குரல் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கிறது. இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ஒரு தீர்வு தந்தார்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தை அளந்து, அது நீண்டால் முன்கூட்டியே சில தரவுகளைக் கைவிட்டு, அனுப்புகிறவரை நிதானிக்கச் செய்யும் முறை அது. அந்த முறை உள்ள ரூட்டர் வீட்டில் இருந்தால் 50 எம்பிபிஎஸ் இணைப்பு, அது இல்லாத 200 எம்பிபிஎஸ் இணைப்பைவிட வீடியோ சந்திப்பில் நன்றாக வேலை செய்யக்கூடும். சோதிப்பது சுலபம். ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பிங், அதாவது தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம், எவ்வளவு என்று பாருங்கள். 5 மில்லிநொடி 300 ஆனால் நோய் இருக்கிறது.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில் அது சந்தைக் கூச்சல். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னால் வைக்காதீர்கள். நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் மடிக்கணினியை லேன் கம்பியில் இணைத்து ஒருமுறை அளந்துவிடுவது நியாயம்.

இழை வீட்டுக்குள் வருகிறதா, கட்டடம் வரைதான் வருகிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சில கட்டடங்களில் இழை கீழ்த்தளத்தோடு நின்றுவிடும். அங்கே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து லேன் கம்பி மேலே வரும். வேகத்தில் குறை தெரியாது. ஆனால் கரண்ட் போனால் அந்த ஸ்விட்சும் போகும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வீடு வரை இழை வந்தால் ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். சென்னையின் டிசம்பர் மாதத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெள்ளநீரில் கிடந்தாலும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, மின்சாரம் தேவைப்படும் இடங்கள்தான் ஒவ்வொன்றாக அணையும்.

2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. இழையே போடாமல் மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி கோபுரத்திலிருந்து இணைப்பு எடுக்கும் முறை இது. தெருவெல்லாம் கைபேசி வைத்திருப்பவர்களோடு அந்தக் கோபுரத்தைப் பங்கு போட வேண்டும். இழை கிடைக்கும் இடத்தில் இதை முதல் இணைப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் வரும் தொகையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். 'அன்லிமிடெட்' என்றாலும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது.

நான் ஒப்பிடுவதானால் இப்படித்தான் செய்வேன். நம் கட்டடத்தில், முடிந்தால் அதே மாடிப்படியில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வாடிக்கையாளரைத் தேடுவேன். இரவு ஒன்பதரை மணிக்கு அவர்கள் வீட்டில் லேன் கம்பியில் வேகம், பிங், ஏற்றும்போது பிங் மூன்றையும் அளப்பேன். போன தடவை இழை அறுந்தபோது எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார் என்று கேட்பேன். இணைப்பு போட வருபவரிடம் மீட்டரைக் காட்டச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்வேன். மைனஸ் 15-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் கையெழுத்துப் போடுவேன்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பாதுகாப்புக்காக இரண்டாவது நிறுவனத்திடமும் இணைப்பு எடுக்கிறார்கள். எங்கள் மாடியில் ஒருவர் அப்படி இரண்டு எடுத்திருந்தார். ஒருநாள் செங்கல் லாரி ஒன்று தெருமுனையில் தாழத் தொங்கிய கம்பிகளை இழுத்துக்கொண்டு போனபோது இரண்டும் சேர்ந்தே அறுந்தன. வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு பில், ஆனால் இரண்டு இழையும் ஒரே மின்கம்பத்தில் ஒரே கொக்கியில் கட்டியிருந்தன. இப்போது அவர் இரண்டாவதை மட்டும் ஏர்ஃபைபராக மாற்றிவிட்டார்.