மாத்திரையை நிறுத்தியதை எங்கள் மாணவியிடமாவது சொல்லுங்கள்

நர்சிங் கல்லூரியில் கம்யூனிட்டி ஹெல்த் பாடம் எடுக்கிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் வேலையில் பெரும்பகுதி. அப்படிப் போகிற இடத்தில் பிரஷர்காரர்களிடம் நான் அதிகம் கேட்கிற பதில், "மாத்திரை எல்லாம் கரெக்டா போடுறேன்மா." பல வீடுகளில் அது உண்மையில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பீல்டு ஏரியாவில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, லோடு வண்டி ஓட்டுபவர். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாலும் பிரஷர் 170க்கு மேல். எப்போது கேட்டாலும் "மாத்திரை போட்டாச்சு" என்பார், பக்கத்தில் நிற்கும் மனைவியும் தலையாட்டுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம், போகவில்லை. விழுந்த பிறகு அவருடைய மகள்தான் விஷயத்தைச் சொன்னாள்: ஏதோ ஒரு முகாமில் பிரஷர் பார்த்திருக்கிறார், 124/80 இருந்திருக்கிறது, "நார்மல்" என்று சொல்லியிருக்கிறார்கள், அன்றோடு மாத்திரைக்கு முழுக்குப் போட்டிருக்கிறார். சம்பவம் நடந்த அன்று காலையில் டீ குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்து, கஷாயம் கொடுத்து, சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையும் காலும் இப்போது அசையவில்லை. இனி அவர் வண்டி ஓட்டுவது கஷ்டம்.

சரி, அந்த "நார்மல்" விஷயத்துக்கு வருவோம். முகாமில் பார்த்த 124/80 மாத்திரை போட்டிருந்ததால் வந்தது. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அத்தாட்சி அது, நோய் போய்விட்டது என்பதற்கானது இல்லை. கண்ணாடி போட்ட பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று யாராவது கண்ணாடியைத் தூக்கி எறிவார்களா? இதை எத்தனை விதமாகச் சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு, "அதான் நார்மலாயிடுச்சே" என்று மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். நிறுத்திய மறுநாளே பிரஷர் எகிறினால் எல்லாருக்கும் புரிந்துவிடும், ஆனால் அப்படி நடப்பதில்லை. அம்லோடிபின் போன்ற மாத்திரை உடம்பில் நாள்கணக்கில் தங்கிப் போவது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் பெரிய வித்தியாசம் தெரியாது, அப்புறம் மெதுவாக ஏறும். ஏறுவதும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தலைசுற்றல், தலைவலி, படபடப்பு எதுவுமே இல்லாமல் 180 இருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம், வயலில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பது பிரஷர் விஷயத்தில் எந்தத் தகவலையும் தராத வாக்கியம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லா மாத்திரையும் அம்லோடிபின் மாதிரி மெதுவாக விட்டுப்போவதில்லை. அட்டனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமாக ஏறலாம்.

மாத்திரையைக் குறைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எடை குறைந்து, உப்பைக் குறைத்து, நடையும் சேர்ந்தால் டாக்டரே அளவைக் குறைப்பதுண்டு, சிலருக்கு நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பலமுறை அளந்து பார்த்து, நிறுத்திய பிறகும் தொடர்ந்து அளந்துகொண்டே செய்வது அது. ஒரு முகாமில் ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து எடுக்கிற முடிவில்லை.

"ரொம்ப நாள் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்கிறவர்களுக்கு: கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்த எந்த சிஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்.

உண்மையில் பலபேர் நிறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கும், அதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். எனலாபிரில், ராமிபிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஒரு பாட்டி கால் வீங்கியதும் கிட்னி போய்விட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார். சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பார், அவ்வளவுதான் விஷயம். அதே பாட்டி முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோபினாக்கை மட்டும் நிறுத்தவே இல்லை. அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது. பிரஷர்காரர்கள் வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

இதையெல்லாம் எங்கள் மாணவியிடம் ஏன் மறைக்கிறார்கள்? "சின்னப் பொண்ணு, ரெக்கார்டு நோட்டு எழுத வந்திருக்கு" என்ற நினைப்பு. இது எனக்கு நிஜமாகவே வருத்தம். அவள் படிப்பது பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் அது 1946லேயே வேலூரில் சி.எம்.சி.யில் ஆரம்பித்துவிட்டது, டெல்லியிலும் அதே ஆண்டுதான். 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றி செமஸ்டர் முறையைக் கொண்டுவந்தது. பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் கிராமத்திலும் நகரத்திலும் வீடுகளுக்குப் போகும் போஸ்டிங்கை மட்டும் எடுக்கவில்லை. காரணம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் வீட்டில் எப்படி வாழ்கிறார் என்பதை வீட்டுக்குப் போகாமல் தெரிந்துகொள்ள முடியாது. மாணவி எழுதும் பேமிலி போல்டரை, அதாவது அந்தக் குடும்பத்தின் உடல்நலக் குறிப்பை, ஆசிரியர் பார்க்கிறார், பிரஷர் அளவு கூடுதலாக இருந்தால் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்கிறோம்.

ஒன்று சொல்ல மறந்துவிடுவேன். வீட்டுக்குள் வந்ததும் மாணவி செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்துவிட்டு, சோப்பை எடுத்துக் கை கழுவத் தண்ணீர் கேட்பாள். "எங்க வீடு அவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் அது. கலெக்டர் வீட்டுக்குப் போனாலும் பேப்பரை விரித்துத்தான் பையை வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய பிறகு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது பழகிவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கும் கூலி வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும், வாயில் போடுவது நீங்கள்தான். அட்டை அட்டையாகப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்காதே என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அதற்கு ஆமாம் என்ற பதில்தான் வரும். "நேத்து ராத்திரி சாப்பிட்ட அட்டையைக் காட்டுங்க", "கடைசியா எப்போ வாங்கினீங்க" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். உங்களை மாட்டிவிட இப்படிக் கேட்கவில்லை. மாத்திரை போட்டும் 170 என்றால் டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார், போடாமலே 170 என்றால் சிகிச்சையே வேறு. நீங்கள் சொல்லும் பொய்யை நம்பி டாக்டர் மருந்தைக் கூட்டினால், ஒருநாள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுத் தலைசுற்றி விழுவதும் நீங்கள்தான்.

பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டீயோ காபியோ பீடியோ அரைமணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள். காலை மடித்துப் போடாதீர்கள், பாதம் தரையில் இருக்கட்டும், அளக்கும்போது பேசாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஊர்ப்பக்கம் நடக்காத காரியம், பட்டையைச் சுற்றியதும்தான் மகன் கல்யாணக் கதையே ஆரம்பிக்கும். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. தண்ணீர், கஷாயம், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பிரஷர் ஏறியிருக்கும் என்று வீட்டில் இருக்கும் மாத்திரையையும் கொடுக்காதீர்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கவனித்துவைத்து ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய சீட்டை வைத்து நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். மிச்சமிருக்கும் அட்டைகளோடு இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போக முடியவில்லை என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், இல்லை வீட்டுக்கு வரும் மாணவியிடம் "நிறுத்திட்டேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். திட்ட மாட்டாள், நானும் திட்ட மாட்டேன். எதனால் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்போம்.